மழை பார்க்காத கடற்கரை

பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வாழ்கிறார்கள். பசிபிக் பெருங்கடல் ஊரின் காலடியிலேயே கிடக்கிறது. ஆனாலும் அங்கே பெரும்பாலான தெருக்களில் மழைநீர் வடிகால் கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குமே என்று வாட்டம் பார்த்துக் கட்டுகிறவர்கள் குறைவு. குடை வாங்கி வைத்தால் அது மூலையில் கிடந்து தூசி பிடிக்கும். வருடம் முழுக்க விழுவதைச் சேர்த்து அளந்தாலும் சில மில்லிமீட்டர்தான் தேறும். சென்னையில் ஐப்பசி மாதத்து மழை ஒன்று அதை அரை மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகும்.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது, லிமா தெற்கே 12 டிகிரியில். இரண்டு ஊருக்கும் வருடத்தில் இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இரண்டும் கடலோர நகரங்கள். பள்ளிப் புத்தகத்து வரைபடத்தில் இரண்டும் ஒரே வெப்பமண்டலப் பட்டைக்குள் அடங்கும். ஒன்றில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை, மற்றொன்றில் ஏன் ஒன்றுமே இல்லை? இந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் உலகக் காலநிலை வரைபடத்தின் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

முதலில் வெயில். இருட்டு அறையில் கைபேசி டார்ச்சைத் தரைக்கு நேர் மேலே பிடித்துப் பாருங்கள். சின்னதாக, பளிச்சென்று ஒரு வட்டம் விழும். கையை அப்படியே சாய்த்தால் வட்டம் முட்டை வடிவமாக நீண்டு மங்கிவிடும். ஒளி அதேதான், விழும் பரப்பு கூடிவிட்டது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளின் நண்பகலில், நிலநடுக்கோட்டில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில், 60 டிகிரி அட்சரேகையில் இரண்டு சதுர மீட்டருக்குப் பங்கிடப்படுகிறது. பூமி 23.5 டிகிரி சாய்ந்து சுற்றுவதால் இந்தப் பங்கீடு மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பருவங்கள் வருவது இதனால்தான்.

அடுத்தது காற்று. நிலநடுக்கோட்டருகே சூடான ஈரக்காற்று மேலே எழும்புகிறது. எழும்பும் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது, அதிலுள்ள நீராவி மேகமாகிக் கொட்டுகிறது. அமேசானும் காங்கோவும் சிங்கப்பூரும் அப்படித்தான் வருடம் முழுக்க நனைகின்றன. ஈரத்தை இழந்த காற்று உயரத்திலேயே வடக்கும் தெற்குமாகப் பரவி, சுமார் 30 டிகிரி அட்சரேகையில் மறுபடி கீழே இறங்குகிறது. சைக்கிள் பம்பில் வேகமாகக் காற்றடிக்கும்போது அடிப்பகுதி சுடுமே, அதே கதைதான் இங்கும். இறங்கும் காற்று அழுந்துகிறது. அழுந்தும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி சூடாகிறது. சூடான காற்றில் மேகம் தங்காது. சகாராவும் அரேபியப் பாலையும் கலஹாரியும் ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையும் இந்தக் காற்று இறங்கும் பட்டைகளை ஒட்டியே கிடக்கின்றன. இந்தச் சுழற்சிக்கு ஹாட்லி சுழல் என்று பெயர். நிலநடுக்கோட்டை நோக்கி ஓயாமல் வீசும் வணிகக் காற்றுகள் ஏன் கிழக்கிலிருந்து வருகின்றன என்று 1735-ல் விளக்கிய ஜார்ஜ் ஹாட்லி தொழிலால் ஒரு வழக்கறிஞர்.

ஆனால் லிமா இருப்பது 12 டிகிரியில். பாலைவனப் பட்டையிலிருந்து வெகுதூரம் தள்ளி, மழைப் பட்டைக்குப் பக்கத்தில். வெயிலையும் ஹாட்லி சுழலையும் மட்டும் வைத்து இந்தக் கணக்கு முடியாது. கடலைப் பார்த்தாக வேண்டும்.

சிலி நாட்டுக்கு மேற்கே பசிபிக் கடல்மேல் ஏறக்குறைய நிரந்தரமாக ஓர் உயரழுத்த மண்டலம், அதாவது மேலிருந்து காற்று இறங்கி அழுத்தம் கூடிய இடம், உட்கார்ந்திருக்கிறது. அதன் விளிம்பில் கிளம்பும் காற்று தென் அமெரிக்கக் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே வீசுகிறது. பூமி சுழல்வதால், தென் அரைக்கோளத்தில் நகரும் காற்றும் நீரும் இடப்பக்கம் ஒதுங்கும். வடக்கே போகிற நீருக்கு இடப்பக்கம் மேற்கு, அதாவது நடுக்கடல். கரையோரத்து மேல்நீர் இப்படி விலகிப் போய்க்கொண்டே இருக்க, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து சில்லென்ற நீர் ஏறி வருகிறது. 1802-ல் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் இந்தக் கரையில் வெப்பமானியை இறக்கி, வெப்பமண்டலத்துக் கடல் இவ்வளவு குளிர்ந்திருப்பதைப் பதிவு செய்தார். அந்த நீரோட்டத்துக்கு அவர் பெயர் வந்தது. அங்கே மீன் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு அந்தக் குளிர் காலங்காலமாகத் தெரிந்த சங்கதி. ஆழத்து நீர் உரச்சத்தையும் சேர்த்துக் கொண்டுவருவதால்தான் அங்கே நெத்திலி அவ்வளவு மண்டிக் கிடக்கிறது.

குளிர்ந்த கடல் தன்மேல் படியும் காற்றையும் குளிர வைக்கிறது. மேலே உயரழுத்தத்தின் இறங்கு காற்று சூடாக நிற்கிறது. வழக்கமாக உயரம் கூடக் கூடக் குளிர வேண்டிய வானம் இங்கே தலைகீழ்: கீழே குளிர்ச்சி, சில நூறு மீட்டர் மேலே வெதுவெதுப்பு. குளிர்ந்த காற்று கனமானது, அது ஏறாது. சட்டிக்கு மூடி போட்டதுபோல் ஈரம் அடியிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. நல்ல மழை பெய்ய மேகம் பல கிலோமீட்டர் உயரத்துக்கு வளர வேண்டும். லிமாவின் மேகத்துக்கு அந்த இடமே இல்லை. கிழக்கே அமேசான் காட்டிலிருந்து ஈரக்காற்று வரலாமே என்றால், நடுவில் ஆண்டிஸ் மலை நிற்கிறது. அதே பெருவில் மலைக்கு அந்தப் பக்கம் இக்கிட்டோஸ் நகரத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை.

இத்தனைக்கும் லிமா வறண்ட காற்றுள்ள ஊர் கிடையாது. குளிர்காலமான ஜூன் முதல் அக்டோபர் வரை சூரியன் முகம் காட்டாது. சாம்பல் நிறத்தில் தாழத் தொங்கும் அந்த வானத்தை ஊர்க்காரர்கள் 'கழுதை வயிறு' என்கிறார்கள். ஈரம் சுவரில் பூக்கும், கொடியில் போட்ட துணி காயாது, கார்க் கண்ணாடியில் பொடித்துளிகள் படியும். மழை மட்டும் வராது. குழாய் எட்டாத குன்றுகளில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வலை கட்டியிருக்கிறார்கள். மூடுபனி வலைக்குள் புகுந்து போகும்போது இழையில் கண்ணுக்குத் தெரியாத துளிகள் ஒட்டுகின்றன. ஒன்றோடொன்று சேர்ந்து முத்தாகி, கனம் தாங்காமல் வழிந்து, அடியில் வெட்டிய தகரக் குழாயில் விழுந்து, தொட்டிக்குப் போகின்றன. வானம் தர மறுத்த தண்ணீரை இப்படித் துளித்துளியாகக் கறந்தெடுக்கிறார்கள். காய்கறிப் பாத்திக்கும் துணி துவைக்கவும் அது உதவுகிறது.

இதே ஏற்பாடு மற்றக் கண்டங்களின் மேற்குக் கரையிலும் உண்டு. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைக்கு முன்னால் பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம். மேற்குச் சகாராவுக்கு முன்னால் கனேரி. மெக்சிகோவின் பாகா தீபகற்பத்துக்கு முன்னால் கலிபோர்னியா நீரோட்டம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் மட்டும் வெதுவெதுப்பான லூவின் நீரோட்டம் ஓடுகிறது. அங்கே இப்படியொரு மூடுபனிப் பாலை உருவாகவில்லை.

இப்போது சென்னைக்கு வரலாம். வங்காள விரிகுடா வருடத்தின் பெரும்பகுதியும் 28 டிகிரியை ஒட்டி வெதுவெதுப்பாகவே இருக்கிறது. மேலே மூடி கிடையாது. மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எழும்பத் தடையில்லை. தேவை எல்லாம் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றுதான். அது வருடம் முழுக்க வருவதில்லை. வெயில் காலத்தில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிட வேகமாகச் சூடாகி, தென்மேற்கிலிருந்து காற்றை இழுக்கிறது. அந்த ஈரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, ஏறி, கேரளப் பக்கமே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. ஆடி மாதம் குற்றாலத்தில் சாரலில் நனைந்துவிட்டுப் பேருந்தேறினால், ஒன்றரை மணி நேரத்தில் திருநெல்வேலியில் தலை காய்ந்து புழுதிக்காற்று முகத்தில் அடிக்கும். மலையில் இறங்கிய காற்று பம்பில் அழுந்திய காற்றேதான். ஐப்பசியில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து விரிகுடாவைத் துழாவிக்கொண்டு வரும்போதுதான் சோழமண்டலக் கரைக்கு மழைக்காலம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் விழுகிறது.

நம் மொழி இதை எப்போதோ கவனித்துவிட்டது. கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குக் கொண்டல் என்று பெயர். மழை மேகத்துக்கும் அதே பெயர்தான். மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் கோடை என்று பெயர். வெயில் காலத்துக்கும் அதே பெயர்தான். மலையின் மழை மறைவில் வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. மலைக்கு மேற்கே மங்களூரில் நின்றுகொண்டு மேல்காற்றுக்குக் கோடை என்று ஒருவரும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டு சொற்களையும் நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் ஒரு காலநிலையையே மாற்றும். நார்வேயின் போடோ துறைமுகமும் சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரும் ஆர்க்டிக் வட்டத்துக்குள் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 67 டிகிரியில் உள்ளன. போடோவில் ஜனவரி சராசரி உறைநிலையை ஒட்டியே நிற்கிறது, துறைமுகம் உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரும் மேற்கிலிருந்து வீசும் காற்றும் அதைக் காக்கின்றன. கண்டத்தின் உள்ளே ஒதுங்கிய வெர்கோயான்ஸ்கில் 1892-ல் மைனஸ் 67.8 டிகிரி பதிவானது. 2020 ஜூன் 20 அன்று அதே ஊரில் 38 டிகிரி வெயில். நூறு டிகிரிக்கும் மேலான வித்தியாசம். நிலம் சட்டென்று சூடாகிச் சட்டென்று குளிரும், நீர் இரண்டுக்கும் அவசரப்படாது.

இத்தனையையும் ஒரே வரைபடத்தில் எப்படி அடக்குவது? அதற்கு வழி கண்டவர் விளாடிமிர் கோப்பன். 1846-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, கிரிமியாவில் பள்ளிக்கூடம் போனவர். கருங்கடல் ஓரத்திலிருந்து வடக்கே போகும் நெடும்பயணத்தில் புல்வெளி முடிந்து காடு தொடங்குவதையும் மரவகைகள் மாறுவதையும் பார்த்துக்கொண்டே போனார். வெப்பமானி இல்லாத இடத்தில்கூடச் செடி இருக்கிறது, அந்த இடத்தின் வெயிலையும் மழையையும் பல்லாண்டுகளாக அது கணக்கு வைத்திருக்கிறது என்பது அவருக்குப் பிடிபட்டது. நிலங்களைக் குறிஞ்சி, முல்லை என்று பூவின் பெயரால் பிரித்த நமக்கு இது விளங்காத யோசனை இல்லை. 1884-ல் முதல் வரைபடம் வந்தது. 1940-ல் இறக்கும்வரை அவர் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வெகனர் அவருடைய மருமகன். மாமனாரும் மருமகனுமாகப் பழங்காலத்துக் காலநிலைகளைப் பற்றி 1924-ல் ஒரு நூல் எழுதினார்கள்.

காலநிலைகளை ஏ முதல் ஈ வரை ஐந்து ஆங்கில எழுத்துகளால் கோப்பன் பிரித்தார். அவர் வகுத்த எல்லைகளுக்குப் பின்னால் செடிகள் நிற்கின்றன. மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரியும் 18 டிகிரிக்குக் குறையாவிட்டால் அது ஏ, வெப்பமண்டலம். சென்னை இதற்குள்ளே வரும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டி வராது. மிக வெப்பமான மாதமே 10 டிகிரியை எட்டாவிட்டால் அது ஈ, துருவக் காலநிலை. ஏறக்குறைய அந்தக் கோட்டோடு மரங்கள் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே மிதவெப்பமான சி, குளிர்காலம் உறைந்துபோகும் டி. வறண்ட நிலமான பி-யை வகுத்த விதத்தில்தான் அவர் நுட்பம் தெரிகிறது. மழையளவை மட்டும் பார்க்காமல், வெப்பத்தோடு சேர்த்துப் பார்த்தார். லண்டனில் பெய்வது சென்னையின் மழையில் பாதியைவிடக் குறைவு, ஆனாலும் அங்கே புல் வாடுவதில்லை. விழுந்ததை வெயில் குடித்துத் தீர்ப்பதில்லை. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வரைபடத்தைப் புதிய அளவீடுகளால் வரைந்து 2007-ல் வெளியிட்டபோது, உலக நிலப்பரப்பில் 30 விழுக்காட்டை வறண்ட பி பிடித்திருந்தது. ஐந்தில் அதுதான் பெரிது. லிமா அதற்குள்ளே இருக்கிறது.

லிமாவைப் பற்றிச் சொன்ன காரணம் சரியா என்று சோதித்துப் பார்க்க வழி உண்டா? குளிர்ந்த கடலை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இயற்கையே அதைச் செய்கிறது. வெந்நீரை மேற்கே தள்ளி வைத்திருக்கும் வணிகக் காற்று தளர்ந்து, மேற்குப் பசிபிக்கின் வெந்நீர் கிழக்கே நகர்ந்து, பெருவின் கரையைப் போர்த்திவிடுகிறது. கிறிஸ்துமஸ் ஒட்டி வருவதால் மீனவர்கள் அதற்குக் குழந்தை யேசுவைக் குறித்து எல் நினோ என்று பெயரிட்டார்கள். நெத்திலி மறைகிறது, மூடி கழல்கிறது, மேகம் எழும்புகிறது. வெந்நீர் முதலில் தொடும் வட பெருவில் பாதிப்பு அதிகம். 1997-98-ல் அங்கே செசூரா பாலைவனத்தில் மழை கொட்டி, மணல்மேல் ஒரு பெரிய ஏரியே உருவானது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையும் எல் நினோ ஆண்டுகளில் வலுத்துப் பெய்வதே அதிகம். வலுவான எல் நினோ ஆண்டான 2015-ல், டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீட்டர் பெய்தது. அன்றைய வெள்ளத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த ஒரு நாள் மழை, லிமா பல பத்தாண்டுகளில் பெறுவது.

அப்படியொரு மழை வடிந்த பிறகு வட பெருவின் மணலில் முள்மரக் கன்றுகள் கூட்டமாக முளைத்து எழும்பும். மண்ணில் காத்துக் கிடந்த விதைகள். அங்கே அதற்கு அல்கரோபோ என்று பெயர். இராமநாதபுரத்துக் கரிசலில் வேரோடிக் கிடக்கும் சீமைக் கருவேலத்துக்கு அது மிக நெருங்கிய உறவு. எல் நினோ ஆண்டில் முளைத்த கன்று வேரைக் கீழே நீர்மட்டம் வரை ஓட்டிவிட்டால், அடுத்த பல வறண்ட ஆண்டுகளைத் தாண்டி மரமாகிவிடும். வயது ஒத்த மரங்கள் கூட்டமாக நிற்கும் இடத்தைப் பார்த்து, என்றைக்கோ ஓர் ஆண்டு அந்தப் பாலையில் மழை பெய்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.