படைவீரரின் மனைவி ராணுவ அதிகாரி ஆகலாம்: எழுத்துத் தேர்வு இல்லாத வழி

படைவீரர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி கிடைக்கும். இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த மனைவியே சீருடை அணிந்து ராணுவ அதிகாரியாகச் சேரலாம் என்பது பலர் காதுக்கு எட்டுவதே இல்லை.

குறுகிய காலப் பணி அதிகாரிகளை (எஸ்.எஸ்.சி.) எடுக்கும்போது, படைவீரர்களின் விதவைகளுக்கென்று ராணுவம் தனியாக இடம் ஒதுக்குகிறது. மற்ற பெண்கள் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். என்ற படை அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வு வழியாக வருவதென்றால் வயது 25-க்குள் இருக்க வேண்டும், திருமணமும் ஆகியிருக்கக் கூடாது. படைவீரர்களின் விதவைகளுக்கோ எழுத்துத் தேர்வே கிடையாது. வயது 35 வரை போகலாம். குழந்தைகள் இருந்தாலும் தடையில்லை, மறுமணம் மட்டும் செய்திருக்கக் கூடாது. ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் தொழில்நுட்பம் சாராத பிரிவு, பி.இ. படித்திருந்தால் தொழில்நுட்பப் பிரிவு.

கணவர் போர்முனையில்தான் இறந்திருக்க வேண்டும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பணிக்காலத்தில் இறந்திருந்தால் போதும். அவர் சிப்பாயா கர்னலா என்பதும் கணக்கில்லை.

லடாக்கின் கல்வானில் 2020 ஜூன் மாதம் சீனப் படையுடன் நடந்த மோதலில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்து, அங்கேயே உயிர்விட்டவர் பீகார் ரெஜிமெண்டின் நாயக் தீபக் சிங். இறந்தபின் வீர் சக்ரா விருது பெற்றவர். அவர் மனைவி ரேகா சிங் அதற்கு முன் பள்ளி ஆசிரியை. 2023 ஏப்ரலில் நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து லெப்டினன்டாக வெளியே வந்தார்; பணியிடம் கிழக்கு லடாக். காஷ்மீரில் காயமடைந்து 2018-ல் இறந்த நாயக் தீபக் நைன்வாலின் மனைவி ஜோதி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவர் 2021 நவம்பரில் அதே பரங்கிமலையில் அதிகாரியானார். இருவரின் கணவர்களும் நாயக் என்ற, அதிகாரி அல்லாத பதவியில் இருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, எழுத்துத் தேர்வு இல்லை என்றால் சுலபமா? இல்லவே இல்லை. எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் தேர்வுமுறையில் எந்தச் சலுகையும் கிடையாது. முதல் நாள் வடிகட்டலிலேயே பாதிப் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பப்படுவது சகஜம். தாண்டினால் உளவியல் சோதனை, குழுவாகச் செய்யும் களப்பணிகள், நேர்காணல், அப்புறம் மருத்துவப் பரிசோதனை. முதல் முறையிலேயே எல்லாரும் தேறிவிடுவதில்லை. அதனால் முப்பதைத் தாண்டியவர்கள் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. காஷ்மீரில் 2015-ல் உயிர்விட்ட கர்னல் சந்தோஷ் மகாதிக்கின் மனைவி ஸ்வாதிக்கு வயதில் விலக்கு கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சட்டமாக நினைத்துக் காத்திருக்க முடியாது.

பயிற்சி 49 வாரம். அந்தக் காலத்தில் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ள முடியாது, பாட்டி வீடோ விடுதியோ ஏற்பாடு செய்தாக வேண்டும். என் கணிப்பில் உடற்பயிற்சியைவிட இதுதான் பெரிய தடை. பயிற்சியின்போது மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. முடித்தால் லெப்டினன்ட், பத்து ஆண்டுப் பணி, விரும்பினால் மேலும் நான்கு. பெண் அதிகாரிகள் குறித்து 2020-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, தகுதி இருந்தால் நிரந்தரப் பணிக்கும் வழி இருக்கிறது. வேலையில் சேர்ந்தால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகும் என்று பயந்து பின்வாங்குகிறவர்களும் உண்டு. சம்பளம் வாங்குவதால் மட்டும் விதவையின் ஓய்வூதியம் நிற்காது.

இடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் ஒவ்வொரு அறிவிப்பிலும் இரு பிரிவுக்கும் ஒவ்வொன்றுதான். இன்னொரு சிக்கல், இந்த இடங்கள் பொறியியல் பட்டதாரிகளுக்கான எஸ்.எஸ்.சி. டெக் அறிவிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பி.ஏ. படித்தவர் தலைப்பைப் பார்த்ததும் நமக்கில்லை என்று மூடிவிடுவார். ராணுவ ஆள்சேர்ப்பு இணையதளத்தில் ஆண்டுக்கு இருமுறை வரும் அந்த அறிவிப்பைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். கணவரின் பணி விவரம், இறப்பு தொடர்பான ஆவணங்கள், டிகிரி சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்திலிருந்து ஏதாவது காகிதம் வர வேண்டியிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கடிதம் எழுத உதவுவார்கள்.