சீனி விலையும் நள்ளிரவு வர்த்தமானியும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் வீட்டிலேயே கச்சான் (நிலக்கடலை) அல்வா செய்து கடைகளுக்குப் போடுகிறார். அடுப்படிச் சுவரில் ஒரு கலண்டர். சீனி வாங்கிய நாட்களில் எல்லாம் அன்றைய விலை பென்சிலால் எழுதியிருக்கும். அரசாங்கத்தின் விதிகள் ஒரு தொழிலை எப்படித் தொடுகின்றன என்று விளங்க அந்தக் கலண்டர் போதும்.

இலங்கையில் சீனி பெரும்பாலும் இறக்குமதிதான். துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்கும்போது கிலோவுக்கு இவ்வளவு என்று விசேட வியாபாரப் பண்ட அறவீடு கட்ட வேண்டும். பல வரிகளுக்குப் பதிலாக ஒரே அறவீடு என்று 2007இல் சட்டமாக வந்தது. கணக்கு எளிது, நல்ல யோசனை. ஆனால் தொகையை ஒரு வர்த்தமானியால், அதாவது அரசிதழ் அறிவித்தலால், ஒரே இரவில் மாற்றலாம். கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த அறவீடு 2020 ஒக்டோபர் 13இல் வெறும் 25 சதமாகக் குறைந்தது. 2023 நவம்பரில் திரும்பவும் 50 ரூபாய் ஆனது.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் இரண்டு இறக்குமதியாளர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒக்டோபர் 12இல் 25 தொன் சீனியை வெளியே எடுத்தார். கட்டியது பன்னிரண்டரை இலட்சம் ரூபாய். மற்றவர் அதே அளவை இரண்டு நாள் கழித்து எடுத்தார். கட்டியது 6,250 ரூபாய். சீனி ஒன்றுதான், ஒரே கப்பலில் வந்ததாகக்கூட இருக்கலாம். மலிவாக வாங்குவதிலும் பழுதாகாமல் சேமிப்பதிலும் கெட்டிக்காரன் முன்னுக்கு வருவதுதான் போட்டி. இங்கே நாளைய வர்த்தமானியை ஊகிப்பவன் வெல்கிறான். வரி கூடுதலாக இருப்பதைவிட இதுதான் பெரிய கேடு என்பேன்.

அல்வாக்காரரிடம் வருவோம். ஒரு கிலோவில் பாதி சீனி என்றால், 50 ரூபாய் அறவீட்டில் 25 ரூபாய் அவர் தலையில். முன்கூட்டியே தெரிந்தால் அதைத் தாங்கிவிடுவார். கடைக்கு ஒரு மாத விலை சொல்லிவிட்டு நடுவில் சீனி ஏறினால்தான் கை சுடும். அந்தப் பயத்திலேயே பெரிய ஓடர் எடுப்பதில்லை, இயந்திரமும் வாங்குவதில்லை.

அப்புறம், விதியின் செலவு ஆளின் அளவைப் பார்ப்பதில்லை. உணவுப் பாதுகாப்புக்கான ஒரு ஆய்வுகூடச் சோதனைக்கு 20,000 ரூபாய் என்று வையுங்கள். 200 கிலோ செய்பவருக்குக் கிலோவுக்கு 100 ரூபாய். 20,000 கிலோ செய்யும் கம்பனிக்கு ஒரு ரூபாய். நம்மைப் போன்ற நாடுகளில் சிறிய தொழில்களே அதிகம், கடனும் எளிதில் கிடைக்காது. அதனால் பலர் பதிவே செய்யாமல் சின்னதாகவே இருந்துவிடுகிறார்கள். சுப்பர்மார்க்கெட் வாசல் அவர்களுக்குத் திறப்பதில்லை.

சரி, சோதனையே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஈரம் பட்ட கச்சானில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உருவாகும். அது ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். நேரடியாகச் சாப்பிடும் கச்சானில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. கொழும்பில் கொடுக்கும் சான்றிதழை அங்கே நம்பினால், பாரிஸ் லா சப்பலில் உள்ள தமிழ்க் கடைவரை இந்த அல்வா போகும். கடுமையான விதி சந்தையைத் திறப்பது இப்படித்தான்.

சோதனைக் கட்டணத்தை உற்பத்தி அளவுக்கு ஏற்ப வைக்கலாம். அறவீட்டை மாற்றுவதானால் மூன்று மாதம் முன்னரே அறிவிக்கலாம். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "மூண்டு மாசம் விலை நிண்டா மெஷினுக்கு நாளைக்கே அட்வான்ஸ் குடுப்பன்" என்றார்.