லோகோவைக் கழற்றுமுன் அதன் பின்னால் பாருங்கள்

ஹட்டனில் கராஜ் வைத்திருக்கிறேன். டிங்கரிங்கும் பெயின்டும் என் தொழில். காரின் முன் கிறிலில் இருக்கிற கம்பனி லோகோவைக் கழற்றிவிட்டு முன்பக்கத்தை ஒரே கறுப்பாக, வழவழவென்று விடுகிற ஆசை நம் மலையகத்துப் பிள்ளைகளிடம் நன்றாகப் பரவியிருக்கிறது. ஆசையில் தப்பில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். புதுக் கார் எடுக்க வழியில்லாத அந்தக் காலத்தில், இருக்கிற காரையே கொஞ்சம் மாற்றி அழகு பார்த்தவர்கள் பலர். 121 கொரல்லா, எஃப்பி 15 சனி மாதிரிப் பழைய கார்களில் லோகோ வெறும் அலங்காரம்தான். எடுத்தால் காருக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது மலை ஏறி வருகிற கார்கள் அப்படி இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு பிரியஸ் வந்தது. லோகோ இருந்த இடத்துக்கு அளவாக அலுமினியத் தகடு வெட்டி, கறுப்பு ஸ்ப்ரே அடித்து, ஓரத்தில் சிலிக்கன் விட்டு ஒட்டியிருந்தார் தம்பி. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. டாஷ்போர்டில் மட்டும் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. “பெட்டரில ஏதும் கோளாறா பாஸ்?” என்று கேட்டார். பொனட்டைத் தூக்கி டோர்ச் அடித்துக் காட்டினேன். தகட்டுக்கு நேர் பின்னால் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதற்கு ஒரு வயர் சொக்கட். “தம்பி, காரோட கண்ணைத் தகட்டால மூடி வச்சிருக்கீங்க” என்றேன்.

அந்தப் பெட்டிதான் ரேடார். முன்னால் போகிற வாகனம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த வேகத்தில் நெருங்குகிறோம் என்று அளந்துகொண்டே இருக்கும். ஆபத்து என்றால் சத்தம் போடும், நாம் பிரேக் மிதிக்கத் தவறினால் தானே பிடிக்கும். 77 கிகாஹேர்ட்ஸ் அளவில் வேலை செய்கிற இதன் அலை நீளம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. பிளாஸ்டிக்கைத் தாண்டிப் போகும், உலோகத்தைத் தாண்டாது. அதனால் இந்தக் கார்களின் லோகோவே தனி வகை. குரோம் போலத் தெரிந்தாலும் அது சாதாரணக் குரோம் முலாம் இல்லை, ரேடார் அலை ஊடுருவும்படி செய்த மெல்லிய பூச்சு. பிளாஸ்டிக்கின் தடிப்பைக்கூட அந்த அலைக்குக் கணக்குப் பார்த்துத்தான் செய்திருப்பார்கள். ஆகவே கழற்றாமல் மேலே ஸ்டிக்கர் ஒட்டுகிறேன், மெட்டாலிக் பெயின்ட் அடிக்கிறேன் என்பதும் சரிவராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் வேறு லோகோ வாங்கி மாட்டுவதும் அப்படித்தான்.

விளக்கு எரிந்தால் ஒருவிதத்தில் நல்லது, கோளாறு என்று தெரிந்துவிடும். எனக்குப் பயம் விளக்கு எரியாத கார்களில்தான். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பும்போது ரேடாரைப் பிடித்திருக்கும் பிராக்கெட் லேசாக நெளியும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பார்வை ஒரே ஒரு பாகை விலகினாலே, 100 மீட்டருக்கு அப்பால் 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும். நம் பாதைகளின் அகலத்துக்கு அது எதிரே வருகிற பஸ்ஸாக இருக்கலாம், ஓரத்து மண்மேடாகவும் இருக்கலாம். நானு ஓயாப் பக்கமோ ஹக்கலைப் பக்கமோ பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகிற லொறியின் சிவப்பு விளக்கே தெரியாது. அந்த நேரத்தில் கமராவும் தடுமாறும், ரேடார்தான் பார்க்கும். மலைநாட்டில் ஓடுகிற காருக்கு அதைக் கெடுத்துவிடாதீர்கள். நெளிந்ததை நிமிர்த்தினால் மட்டும் போதாது. ஸ்கேனர் போட்டு, முன்னால் குறிப்பிட்ட தூரத்தில் இலக்குத் தட்டு வைத்து, கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். எல்லாக் கராஜிலும் அந்த வசதி கிடையாது.

உங்கள் காரில் ரேடார் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லோகோவைத் தடவிப் பாருங்கள். எழுத்து மேடாக விரலில் தட்டுப்பட்டால் பெரும்பாலும் சாதாரண லோகோ. கண்ணாடி மாதிரித் தட்டையாக இருந்து, சின்னம் உள்ளே பதிந்த மாதிரித் தெரிந்தால் கை வைக்க வேண்டாம். ஸ்டியரிங்கில் முன் வாகன இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற பட்டன் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். டொயோட்டாவில் 2015 கடைசியில் வந்த பிரியஸ், அடுத்து வந்த சிஎச்ஆர் எல்லாம், தானே பிரேக் பிடிக்கிற அந்தப் பாதுகாப்பு வசதி உள்ள கிரேட் என்றால், இந்த வகைதான். பழைய வெகன் ஆரில் சென்சர் முன் கண்ணாடியின் மேலே, மிரர் பக்கத்தில் இருக்கும். லோகோவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. சில கார்களில் ரேடார் கிறிலிலோ பம்பரிலோ தனியாக இருக்கும், சிலவற்றில் லோகோவுக்குக் கீழே பார்க்கிங் கமரா இருக்கும். எப்படியும் பொனட்டைத் திறந்து பின்பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

பின்னால் ஒன்றும் இல்லையா? சரி, தாராளமாகக் கழற்றலாம். ஆனால் குளிரில் தொடாதீர்கள். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் கிறில் பிளாஸ்டிக் கல்லாய் இறுகி இருக்கும், நெம்பினால் பட்டென்று வெடிக்கும். வெயில் ஏறிய பிறகு, முடிந்தால் கிறிலையே கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துச் செய்யுங்கள். பின்பக்கம் கிளிப்போ பூட்டு வளையமோ இருந்தால் முதலில் அதை விடுவிக்க வேண்டும். டபுள் டேப்பில் ஒட்டியிருந்தால் ஹெயார் டிரையரால் கை பொறுக்கிற சூட்டுக்குச் சூடாக்கி, தூண்டில் நைலான் நூலை லோகோவுக்குப் பின்னால் விட்டு, இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்து அறுங்கள். மிச்சப் பசையை விரலாலேயே உருட்டி எடுக்கலாம். போகாததை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். தின்னர் மட்டும் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கின் முகத்தையே தின்றுவிடும்.

லோகோ போனதும் ஓட்டை தெரியும். பெரும்பாலான வேலை கெட்டுப்போவது இங்கேதான். தகரத்தில் பள்ளம் நிரப்பப் பூசுகிற கட்டலோய்ப் புட்டியை இதில் அப்பினால், கிறில் அதிர அதிர வெடித்து உதிரும். பின்னாலிருந்து பிளாஸ்டிக் துண்டு வைத்து, பிளாஸ்டிக்குக்கான எபொக்சியால் ஒட்டி, காய்ந்த பிறகு வோட்டர் பேப்பர் போட்டு மட்டமாக்குங்கள். பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காமல் நேரே பெயின்ட் அடித்தால் முதல் கழுவலிலேயே உரியத் தொடங்கும். அப்புறம் நம் ஊரின் ஈரம். மிஸ்ட் இறங்கும் நேரத்தில் ஸ்ப்ரே அடித்தால் கறுப்பு பால் பூத்த மாதிரி வெளுத்துப்போகும். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலை மாதங்களில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள், இல்லாவிட்டால் மூடிய, உலர்ந்த அறையில் செய்யுங்கள்.

லோகோவோடு நிறுத்தாமல் கிறிலையே எடுத்துவிட்டு நெருக்கமான வலை போடுகிறவர்களும் உண்டு. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏசி போட்டுக்கொண்டு, ஆள் நிறைய ஏற்றி, கீழ் கியரில் ஏறும்போது என்ஜினுக்கு உழைப்பு அதிகம், முன்னால் வருகிற காற்றோ குறைவு. அந்தக் கொஞ்சக் காற்றையும் வலை தடுக்கக் கூடாது. அகலக் கண் உள்ள வலையாக எடுங்கள். ஆணி அடிக்கவோ துளை போடவோ போகுமுன், ரேடியேட்டர் சட்டத்தில் எயார்பேக் சென்சர் எங்கே இருக்கிறது, பொனட் லொக் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பொனட்டை மூடி, இரண்டாவது லொக்கும் விழுகிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள். கழற்றிய லோகோவையும் கிளிப்புகளையும் ஒரு கவரில் போட்டு டாஷ்போர்ட் பெட்டியிலேயே வையுங்கள், விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.