‘காட்டுல விட்டுடுங்க டாக்டர்!’

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளினிக்கின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன், ஒரு கார் வந்து நின்றது. பின்சீட்டில் டி.வி. வந்த பெரிய அட்டைப்பெட்டி. அதற்குள் பழைய போர்வைமேல் ஒரு நரி. கூட வந்தவர்கள் ஓர் இளைஞர், அவருடைய அம்மா, அவர்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். ஓ.எம்.ஆர். பக்கம் ஏரியை ஒட்டிய குடியிருப்பு. வெள்ளிக்கிழமை காலையில் கார் நிறுத்தும் இடத்தில், ஒரு மூலையில் படுத்துக் கிடந்ததாம். இரண்டு நாளாக இவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

“தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு டாக்டர். வாயை மூடவே முடியல. பால் வச்சோம், குடிக்கப் பாக்குது, இறங்கல. நானே கையை விட்டுத் தேடிப் பாத்தேன், எதுவும் தட்டுப்படல.”

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நரியின் கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கு காய்ந்து, ஓரத்தில் எச்சில் நூல் நூலாக இறங்கிப் போர்வையை நனைத்திருந்தது. உதட்டில் ஈ உட்கார்ந்தது, அதை விரட்டக்கூட இல்லை. எலும்பு மாட்டிய மிருகம் சும்மா இருக்காது. முன்காலால் வாயைப் பிறாண்டும், தலையை உதறும், குமட்டும். இது எதுவும் செய்யாமல் வாயைத் திறந்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. ‘எலும்பு மாட்டியிருக்கு’ என்று யார் சொன்னாலும் முதலில் உன் கையைச் சட்டைப்பைக்குள் விடு என்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். தாடை தொங்குவது ரேபிஸின் முடக்குவாத வகையில் வரும் அறிகுறி. வெறிபிடித்துத் துரத்திக் கடிப்பது மட்டும்தான் ரேபிஸ் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது.

“தம்பி, கையைக் காட்டுங்க.” ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி. வெள்ளிக்கிழமையே பல் கீறிவிட்டதாம். “சின்னக் கீறல்தான் டாக்டர்.”

அவரை வாஷ்பேசினுக்கு இழுத்துப் போய், பிளாஸ்திரியைப் பிய்த்து, குழாயைத் திறந்து, சோப்பைக் கையில் கொடுத்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். பதினைந்து நிமிஷம். அம்மாவுக்குக் கோபம். “முதல்ல நரியைப் பாருங்க டாக்டர், அது உயிருக்குப் போராடுது, நீங்க இவன் கையைக் கழுவிட்டிருக்கீங்க.”

வனத்துறைக்குப் போன் செய்தேன். கூண்டும் கையுறையுமாக வந்து எடுத்துப்போனார்கள். விடிவதற்குள் நரி செத்துவிட்டது. மூளைத் திசுவைப் பரிசோதித்ததில் ரேபிஸ் உறுதியானது. அதற்குள் இந்தக் குடியிருப்பில் யார் யார் அதைத் தொட்டார்கள், யார் மேல் எச்சில் பட்டது என்று பட்டியல் போட்டோம். ஊசி போட வேண்டியவர்கள் ஒன்பது பேர். வாயில் பஞ்சை நனைத்துப் பால் விட்ட பாட்டி ஒருத்தி, ‘நாய்க்குட்டி’ என்று தடவிக்கொடுத்த ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன்.

இதெல்லாம் முடிந்தபிறகு அந்தக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட செய்தியை யாரோ எனக்கு அனுப்பினார்கள்: ‘அன்னைக்கே காட்டுல விட்டிருந்தா பொழச்சிருக்கும். டாக்டர்கிட்ட கொண்டுபோய்ச் சாகடிச்சிட்டாங்க.’

அதனால்தான் இந்தக் கட்டுரை.

எந்தக் காடு என்று முதலில் கேட்கிறேன். சென்னையில் இந்த வார்த்தையைச் சொல்கிறவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் கிண்டி. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, ஒரு பக்கம் ஐ.ஐ.டி., சுற்றி நகரம், ஓரத்திலேயே பிள்ளைகள் விளையாடும் சிறுவர் பூங்கா. அங்கே ஏற்கெனவே நரிகள் இருக்கின்றன, வெளிமான்கள் இருக்கின்றன, புள்ளிமான்கள் இருக்கின்றன. கிண்டி வேண்டாம், வண்டலூர், நன்மங்கலம் என்றால் அங்கேயும் இதே கதைதான். நரி ஜோடியாக, எல்லை வகுத்து வாழ்கிற பிராணி. புதிதாக ஒன்று வந்தால் இருக்கிற ஜோடி விரட்டிக் கடிக்கும். வந்ததற்கோ தண்ணீர் எங்கே, வளை எங்கே, எந்தப் பக்கம் ரோடு, எதுவும் தெரியாது. ஐ.சி.யூ.வில் இருக்கிற மனிதரை டிஸ்சார்ஜ் செய்து, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றி, பெயர் தெரியாத ஊரில் நடுராத்திரி இறக்கிவிட்டு ‘இயற்கைக் காற்று, பிழைத்துக்கொள்வார்’ என்று சொல்வோமா?

காட்டில் மூலிகை தின்று தானே குணமாகிவிடும் என்று ஒருவர் எனக்கு விளக்கமாக எழுதியிருந்தார். நரி புல்லைக் கடிப்பதை எங்கோ பார்த்திருப்பார். டிஸ்டெம்பருக்கு (நாய், நரிகளைக் கொல்லும் ஒரு வைரஸ் நோய்) மூலிகை கண்டுபிடித்த நரி இன்னும் பிறக்கவில்லை.

இன்னொன்று. மானுக்கு உடம்பு சரியில்லை என்றால் புல்லாவது காலடியில் இருக்கிறது. நரிக்கும் ஆந்தைக்கும் பருந்துக்கும் அப்படியில்லை. ஓடினால்தான், பறந்தால்தான், கண் தெரிந்தால்தான் சாப்பாடு. ஒரு கால் போனால் பாதி வேட்டை போய்விடும். அப்புறம் அது என்ன செய்யும்? ஓடாத இரையைத் தேடும். குப்பைத்தொட்டி, கோழிக்கூண்டு, தெருநாய் போட்ட குட்டி. அதாவது மறுபடி நம் வாசலுக்குத்தான் வரும். வரமுடியாவிட்டால் ஒரு புதருக்கடியில் பத்துப் பதினைந்து நாள் பட்டினி கிடந்து சாகும். யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால் அதற்கு ‘விடுதலை’ என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அது தனியாகவும் சாகாது. கிர் காட்டில் 2018-இல் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. செத்தவற்றில் பலவற்றில் இருந்தது டிஸ்டெம்பர் வைரஸ். நம் தெருநாய்களிடம் சாதாரணமாக இருக்கிற அதே வைரஸ். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994-இல் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதே நோயில் போனது. நம் வண்டலூரிலேயே 2021 ஜூனில் கொரோனா தொற்றிய சிங்கங்களில் இரண்டு செத்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். நோய்க்குக் காட்டு வேலியும் தெரியாது, டிக்கெட் கவுன்ட்டரும் தெரியாது. டிஸ்டெம்பர் வந்த நரியை ரேபிஸ் வந்த நரியிடமிருந்து கண்ணால் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டிலும் தள்ளாடும், எச்சில் வடியும், மனிதனைக் கண்டு பயப்படாது. உயிரோடு இருக்கும்போது ரேபிஸை நம்பிக்கையாக உறுதி செய்யும் பரிசோதனையும் கிடையாது. இதை வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள்.

சரி, அப்படியானால் கிடைக்கிற நோயாளி நரியை எல்லாம் ஊசி போட்டு முடித்துவிடலாமா? அதுவும் இல்லை. அந்தக் கட்சிக்காரர்களும் எனக்குப் போன் செய்கிறார்கள்.

இரண்டு வருஷம் முன்பு பள்ளிக்கரணைப் பக்கமிருந்து ஒரு பெட்டை நரி. முடியெல்லாம் கொட்டி, தோல் யானைத்தோல் மாதிரி தடித்து வெடித்து, கண்ணைச் சுற்றிப் பொருக்கு. ‘பேய் மாதிரி இருக்கு, பிள்ளைங்க பயப்படுது, கொன்னுடுங்க’ என்று ஒரு தெருவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது. வனத்துறையினர் பிடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். காது ஓரத்தில் பிளேடால் சுரண்டி, எண்ணெய்ச் சொட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குட்டைக் காலோடு உருண்டையாக நெளிகிறது பூச்சி. வெறும் சொறி. ஐவர்மெக்டின், நல்ல தீனி, மனிதர் முகமே படாத ஒரு கூண்டு. ஒன்றரை மாதத்தில் முடி வந்துவிட்டது. (எனக்கும் இரண்டு முழங்கையிலும் அரிப்பு வந்தது, அதை வீட்டில் சொல்லவில்லை.) பிடித்த இடத்திலேயே, பொழுது சாயும் நேரத்தில், கூண்டுக் கதவைத் தூக்கினோம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றியோடு ஒரு பார்வை பார்க்கும் என்று செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த பையனுக்குப் பெரிய ஏமாற்றம். எனக்குப் பரம திருப்தி. மனிதனைக் கண்டால் ஓடுகிற நரிதான் விடத் தகுந்த நரி.

பகலில் நரி நடமாடினாலே வெறி என்று முடிவுகட்டுவதும் வேண்டாம். குட்டி போட்ட தாய் பகலிலும் இரை தேடும். டிசம்பர் மழையில் வளைக்குள் தண்ணீர் ஏறினால் மேட்டைத் தேடி நம் காம்பவுண்டுக்குள் வரும். ராத்திரி வரை தொந்தரவு செய்யாமல் விட்டால் பெரும்பாலும் அதுவாகப் போய்விடும்.

ஊசி போட்டே ஆகவேண்டிய இடமும் உண்டு. பைபாஸில் அடிபட்ட ஓர் ஆண் நரி. முன்காலால் நகர்ந்து பின்பாகத்தை இழுத்துக்கொண்டு வந்தது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு இரண்டாக நின்றது. பின்கால் விரலை இடுக்கியால் அழுத்தி நசுக்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. தூக்கிவந்த தன்னார்வலப் பெண் கேட்டார்: “நாய்க்குச் சக்கர வண்டி கட்டுறாங்களே டாக்டர், இதுக்கும் கட்டலாம்ல?” நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டு நாய்க்குச் சக்கரம் தள்ள, மூத்திரப்பையை அழுத்திவிட, புண்ணைத் துடைக்க ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தக் கையெல்லாம் நரிக்கு வாழ்நாள் முழுக்கத் திகில். ஒவ்வொரு முறை கூண்டைத் திறக்கும்போதும் அது சாகத் தயாராகிறது.

ஆனால் நானாக முடிவெடுத்து ஊசி போட முடியாது. 2022-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நரி இருப்பது முதல் அட்டவணையில், புலியோடு. அதைக் கொல்ல வேண்டுமானால், மனித உயிருக்கு ஆபத்து, அல்லது மீளமுடியாத அளவு ஊனம் அல்லது நோய் என்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் காரணத்தோடு எழுத்தில் உத்தரவிட வேண்டும். 1972-லிருந்தே சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. ‘சட்டமே கொல்லக்கூடாதுன்னு சொல்லுது’ என்று என்னிடம் சண்டை போடுகிறவர்கள் 11-ஆவது பிரிவைப் படித்துவிட்டு வரலாம். உத்தரவு வந்தது, முதலில் மயக்கம், அப்புறம் ஊசி. உடலை எரித்தோம். அந்த மருந்து சடலத்திலேயே தங்கும். சும்மா தூக்கிப் போட்டால் அதைக் கொத்துகிற பருந்தும் தின்கிற நாயும் சாகும். இதை மறக்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

மூன்றாவது யோசனை, ‘கூண்டுல வச்சு காலம் பூரா சோறு போடலாமே’. மாஞ்சா நூலில் இறக்கை அறுந்த பருந்தை ஒருவர் கொண்டுவந்தார். “கருடன் டாக்டர், கொன்னா பாவம்.” அது கரும்பருந்து, கருடன் என்று நாம் கும்பிடுவது செம்பருந்து. அதைச் சொல்லி அவர் மனசை நோகடிக்கவில்லை. மூட்டே சிதைந்து எலும்பு கறுத்துக் காய்ந்திருந்தது. அவர் அதை மூன்று வாரம் பால்கனியில், ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியில் வைத்திருந்தார். உட்கார்ந்தே இருந்ததில் இரண்டு பாதத்திலும் புண் வீங்கி, சீழ் கட்டி, நகம் மடக்க முடியவில்லை. பறவை உயிரோடுதான் இருந்தது.

இனி, நரியோ, கீரியோ, ஆந்தையோ உங்கள் வாசலில் விழுந்து கிடந்தால்: தொடாதீர்கள். பால் ஊற்றாதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள், செல்ஃபி எடுக்காதீர்கள். நாயையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, தூரத்தில் ஒரு ஆளை நிறுத்தி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம், நல்ல எண்ணத்தில் செய்தாலும். ‘கிட்டப் போனா ஓடல, பாசமா இருக்கு’ என்றால் அது பாசம் இல்லை, அதுதான் அறிகுறி. காலையில் நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். தூரத்திலிருந்து விழியுங்கள். அடித்தும் கொல்லாதீர்கள். மண்டை நசுங்கினால் பரிசோதனைக்கு மூளை கிடைக்காது, கடிபட்டவர்தான் தவிப்பார்.

கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. தடுப்பூசி இலவசம். காட்டு விலங்கு கடித்ததென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புமருந்து) போட வேண்டும், கேட்டு வாங்குங்கள். பத்து நாள் மிருகத்தை வைத்துப் பார்ப்போம் என்கிற கணக்கு நாய்க்கும் பூனைக்கும்தான், நரிக்குக் கிடையாது. அப்புறம் 0, 3, 7, 28 என்று நாள் கொடுத்தால் நான்கும் போடுங்கள். தயவுசெய்து.

அந்த அபார்ட்மென்ட் பட்டியல் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. எட்டுப் பேருக்கு நேற்றோடு நான்கும் முடிந்தது. பாட்டிக்கு மட்டும் கடைசி ஊசி பாக்கி. பேத்தி கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருக்கிறாராம், ‘சும்மா பால்தானே ஊத்தினேன், வந்து போட்டுக்கறேன்’ என்கிறாராம். அங்கேயும் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது பாட்டி. அட்டையை எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே போய்விடுங்கள்.