மேட்டில் மயானம், பள்ளத்தில் பீலி

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கொவிட்டில் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று எரிக்கச் சொன்னார்களே, அதில் உண்மை இருந்ததா? எங்கள் தோட்டத்தில் மயானத்துக்குக் கீழேதான் பீலி, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் இடம்.”

உண்மை இல்லை. ஏன் இல்லை என்று பார்த்தால்தான் விஷயம் சுவைக்கும்.

வைரஸ் உயிருள்ள கலத்துக்குள்தான் பெருகும். ஆள் இறந்து கலங்களும் செத்துப்போனால் பெருக்கம் நின்றுவிடும். இது பள்ளிப் பாடம். சரி, ஏற்கெனவே உடலில் இருக்கும் வைரஸ்? கொரோனா வைரஸ் கொழுப்பாலான ஒரு சட்டை போட்டிருக்கிறது. சொந்தச் சட்டையும் இல்லை, நம் கலத்துக்குள் இருக்கும் மென்சவ்வைத் திருடிப் போர்த்திக்கொண்டது. அடுத்த கலத்தில் ஒட்டுவதற்கான முட்கள் இந்தச் சட்டையில்தான் குத்தி நிற்கின்றன. சட்டை கிழிந்தால் கதை முடிந்தது.

சவர்க்காரம் கிழிப்பது இதைத்தான். அதன் மூலக்கூறுக்குத் தலை தண்ணீரை விரும்பும். வால் தண்ணீருக்குப் பயந்து கொழுப்புக்குள் ஒளியப் பார்க்கும். ஆயிரமாயிரம் வால்கள் சட்டைக்குள் நுழைந்தால் அது தாங்குமா?

எனக்கு மிகப் பிடித்தது இனிமேல்தான். நம் குடலுக்குள்ளேயே ஒரு சவர்க்காரம் இருக்கிறது: பித்தம். அதுவும் கொழுப்புச் சட்டையைக் கிழிக்கும். ஆகவே தண்ணீர் வழியாகக் குடலுக்குள் போய் நோய் தரும் வைரஸ்கள் பெரும்பாலும் கொழுப்புச் சட்டையே இல்லாதவை. போலியோ அப்படி. செங்கண்மாரி தரும் ஹெபடைட்டிஸ் ஏ-யும் மலத்தோடு வெளியேறும்போது வெறும் புரத ஓட்டோடுதான் வருகிறது. அவை வருவது மலக்குழியிலிருந்து, மயானத்திலிருந்து அல்ல.

புதைக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே சொன்னது. அடுத்த மாதமே இலங்கை அரசு எரிப்பைக் கட்டாயமாக்கியது. பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் புதைக்க விட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இடையில் நடந்ததைக் கவனியுங்கள். தொற்றைப் பிடிக்க வேண்டுமென்றால் காய்ச்சல்காரர் தானாக வந்து சொல்ல வேண்டும். செத்தால் என்ன செய்வார்களோ என்ற பயம் வந்துவிட்டால் பனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிடுவார். அதுவும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் என்றால், ஒரே அறையில் ஆறு பேரோடு.

அப்போதைய சுகாதார அமைச்சரோ நோய் ஒழிய மந்திரித்த குடத்தை ஆற்றில் விட்டார். கேகாலைக்காரர் ஒருவரின் தேனும் சாதிக்காயும் கலந்த பாணியைக் குடித்தும் காட்டினார். கொவிட் வந்தவர்களில் பெரும்பாலோர் பாணி இல்லாமலே குணமாவார்கள். குடித்தவர்களும் அப்படித்தான் குணமானார்கள், பெயர் பாணிக்குப் போனது. குடிக்காத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டால் தெரிந்திருக்கும். அந்தச் சோதனைக்குப் பெரிய செலவு இல்லை, பொறுமைதான் வேண்டும். 2021 ஜனவரியில் அமைச்சருக்கே கொவிட் தொற்றியது.

பொகவந்தலாவை வாசகரே, மயானத்தை விடுங்கள். உங்கள் பீலிக்கு மேலே மலக்குழி எத்தனை அடி தள்ளி இருக்கிறது?