பல் பதிந்த இடத்தின் அடியில்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், ஓர் ஆள் நடக்குமளவே அகலமுள்ள தடத்தில் இரண்டு நாய்கள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒதுங்கிப்போக இடமிருப்பதில்லை. சண்டை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டு நாயைத் தூக்கிவந்து முடியை விலக்கிப் பார்ப்பவர்களுக்குப் பச்சைப்பயறு அளவில் இரண்டு மூன்று துளைகள்தாம் தெரியும். ரத்தமும் அதிகம் வந்திராது. "பெரிதாக ஒன்றுமில்லை" என்று அப்போது வரும் நிம்மதிதான் பல நாய்களை மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சலும் சீழுமாக மருத்துவரிடம் கொண்டுசேர்க்கிறது.

நாயின் தோல் தசையோடு இறுக ஒட்டியிருப்பதில்லை. கழுத்திலும் தோளிலும் பிடித்து உயர்த்தினால் போர்வையைப் போல எழும்பும். கோரைப்பல் அந்தத் தோலைத் துளைத்தபின், கடித்த நாய் தலையை உதறும்போது, பல்லோடு சேர்ந்து தோல் இழுபட்டு நகர, அடியிலுள்ள தசை அவ்வளவு நகராமல் நின்றுவிடுவதால், இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று கிழிந்து பிரிகின்றன. மேலே ஒரு துளை இருக்க, கீழே உள்ளங்கையளவு வெற்றிடம் உருவாகிவிடும். தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் அதே இடத்தில் அறுபடுவதால், கடிபட்ட அன்று நன்றாகத் தெரிந்த தோல் சில நாட்களில் கறுத்து இறந்துபோவதும் உண்டு. இடைவெளியில் ரத்தமும் நிணநீரும் தேங்க, பல்லோடு உள்ளே போன கிருமிகளுக்கு வெதுவெதுப்பும் உணவும் ஒருசேரக் கிடைக்கின்றன. அவற்றுள் நாய்வாயில் சாதாரணமாக வாழும் ஒன்றுக்குப் பாஸ்டுரெல்லா என்று பெயர். லூயி பாஸ்டரின் பெயரால் அமைந்தது அது. வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காக 1907-இல் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனமும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால், மருத்துவர் ஏன் சில காயங்களைத் தைக்காமல் திறந்தே விடுகிறார், அல்லது மென்மையான ரப்பர்க் குழாய் ஒன்றை உள்ளே வைத்துத் தைக்கிறார் என்பது விளங்கும். நீர் வடிய வழியில்லாமல் மேல்வாயை மூடினால் உள்ளே சீழ்தான் சேரும். காப்பித் தூளையும் மஞ்சள் தூளையும் துளையில் திணிக்கும் பழக்கமும் இதே காரணத்தால் கெடுதல். ரத்தம் நிற்பது போலத் தோன்றினாலும், அந்தத் துகள்களைப் பின்னர் ஒவ்வொன்றாகக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும்.

மார்பிலோ வயிற்றிலோ பல் பதிந்திருந்தால், மூச்சு வாங்கினால், ஈறு வெளுத்திருந்தால், வீட்டில் எதையும் செய்துகொண்டிராமல் உடனே புறப்பட வேண்டும். பெரிய நாய் சிறிய நாயைக் கவ்வித் தூக்கி உதறியிருந்தால், வெளித்தோலில் கீறலே இல்லாமல் விலா எலும்பு முறிந்திருக்கலாம். ஊட்டிக் குளிரில் அதிர்ச்சியுற்ற உடல் விரைவில் வெப்பத்தை இழக்கும் என்பதால் கம்பளி சுற்றி எடுத்துச் செல்வது நல்லது. வலிக்கு என்று நாம் விழுங்கும் இபுபுரூபன் மாத்திரையைக் கொடுத்தால் நாயின் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் உண்டாகும்.

வெறிநோய் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பின் வழியே மெல்ல மூளையை நோக்கி ஏறுவது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் இராது. அதன் மேலுறை கொழுப்பால் ஆனதால் சோப்பு அதைச் சிதைத்துவிடும். எனவே கையுறை அணிந்து, கடிபட்ட இடத்தையும் எச்சில் பட்ட முடியையும் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். முன்பே தடுப்பூசி போட்ட நாய்க்கும் கடிபட்டவுடன் மறு ஊசி போடுவதே முறை. விலக்கப்போனவர் கையில் பல் பட்டிருந்தால், அவரும் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குச் செல்ல வேண்டும்.

முதல் சில நாட்கள் காயம் வீங்கிச் சிவந்திருப்பது வெள்ளணுக்கள் இறந்த திசுவை அப்புறப்படுத்தும் வேலையின் அடையாளம். அதன்பின் சிவந்த, மணிமணியான புதுத் திசு அடியிலிருந்து மேல்நோக்கி வளர்ந்து வெற்றிடத்தை நிரப்பும். நக்கினால் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. ஆனால் திரும்பத் திரும்ப நக்கும் நாக்கு அந்தப் புதுத் திசுவைத்தான் அராவி எடுக்கும், கழுத்தில் கூம்பு மாட்டுவது அதற்காகவே. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரியில் எதுவும் காய்வதில்லை. ஈரமான கட்டு, வெளிக் கிருமியைத் திரி எண்ணெயை இழுப்பது போல உள்ளே இழுக்கும் என்பதால் நனைந்தவுடன் மாற்ற வேண்டும். தையல் பிரித்தாயிற்று என்று படிக்கட்டுகளில் ஓடவிடுவதும் அவசரமே. மூன்று வாரத்தில் தழும்புக்குப் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ 20 விழுக்காடுதான் திரும்பியிருக்கும். மாதங்கள் கழிந்தாலும் 80 விழுக்காட்டைத் தாண்டாது.

அச்சத்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். உயிருக்கு ஆபத்து நேரும்போது மூளையிலுள்ள அமிக்டாலா என்னும் பகுதி, அந்த நேரத்து மணத்தையும் இடத்தையும் எதிரியின் உருவத்தையும் ஒரே அனுபவத்தில் பதித்துவிடும். அதனால் காயம் ஆறிய நாய், எந்த நாயைக் கண்டாலும் உறுமுவதோ கயிற்றை இழுத்துப் பின்வாங்குவதோ உண்டு. கட்டாயப்படுத்தி அருகே இழுத்துச் சென்று "பழக்குவது" சீழ் கட்டிய காயத்தைத் தைத்து மூடுவதற்கு ஒப்பாகும். உறுமல் அடங்கினாலும் பயம் உள்ளே இருக்கும். தடவிக்கொடுத்தால் பயம் வளருமே என்று தயங்க வேண்டியதில்லை. பயம் ஓர் உணர்ச்சி, பரிசுக்காகச் செய்யும் செயலன்று.

ஒன்றை உணர்ந்தவுடன் அதைத் தொடர்ந்து வரும் மற்றொன்றை நாய் எதிர்பார்க்கக் கற்றுக்கொள்ளும் என்று காட்டியவர் ரஷ்ய அறிஞர் பாவ்லோவ். பயனளிக்கும் வழி அந்த இணைப்பை மாற்றி அமைப்பதே. வேறொரு நாயைக் கண்டும் தின்ன முடிகிற தொலைவில் நிறுத்தி, அந்த நாய் கண்ணில் பட்டவுடன் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். வரிசை முக்கியம், உணவு முதலில் வந்தால், உணவே ஆபத்தின் முன்னறிவிப்பாகிவிடும். தின்ன மறுத்தால் அளவுமீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். இந்தப் பயிற்சி பழைய நினைவை அழிப்பதில்லை, அதன் மேல் புதியதொன்றை எழுதுகிறது. புதியது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், மைதானத்தில் தேறிய நாய் கடைவீதியில் மறுபடி நடுங்கும். ஆகவே திறந்த மைதானம், அகலமான சாலை, கடைவீதி என்று ஒவ்வொன்றிலும் தொலைவிலிருந்தே புதிதாகத் தொடங்கிவிட்டு, விலக இடமில்லாத தேயிலைத் தடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. அங்கே எதிரில் ஒரு நாய் தென்பட்டால், வந்த வழியே திரும்பி நடக்கலாம்.