இன்னும் ஒரு மெட்ச்

மட்டக்களப்பு வாவியில் வீச்சு வலை எறிபவருக்கு எந்த எறிதலில் இறால் விழும் என்று தெரியாது. நாலைந்து தரம் பாசியும் சேறும் வரும், திடீரென ஒருதரம் வலை கனக்கும். அதனால்தான் கை ஓய்வதில்லை. ஒன்லைன் கேம்கள் பிள்ளைகளைப் பிடித்துவைப்பதும் இதே கணக்கில்தான்.

மூளையில் டோபமைன் என்ற இரசாயனம் எதிர்பாராமல் வரும் பரிசுக்கே கூடுதலாகச் சுரக்கிறது. நிச்சயமாக வரும் என்று தெரிந்த பரிசுக்கு அது பெரிதாக அசையாது. ஃப்ரீ ஃபயர் என்ற சுடும் கேமில் ஏறத்தாழ 50 பேர் இறங்குவார்கள், கடைசியில் நிற்பது ஒருவர் அல்லது ஓர் அணி. விளையாடும் இடத்தின் வட்டம் சுருங்கி, ஏழு பேர் மிஞ்சி, பெருவிரல் வியர்த்திருக்கும் நேரத்தில் சுடுபட்டுச் சாகும் பொடியனுக்குத் தோற்றதாகவே தோன்றாது. மயிரிழையில் தவறியதாகத்தான் படும். அடுத்த மெட்சுக்கான பட்டனும் உடனே எதிரில் நிற்கும்.

காசு போகும் வழி அதிர்ஷ்டப் பெட்டி: உள்ளே என்ன விழும் என்று தெரியாமலே கேமுக்குள் காசு கொடுத்துத் திறப்பது. கேம் பாத்திரத்துக்கான ஓர் அரிய உடை விழும் வாய்ப்பு 1% என்று வைப்போம். 100 தரம் திறந்தால் கட்டாயம் கிடைக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். உண்மையில் 100 தரம் திறந்தவர்களில் ஏறத்தாழ 37% பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். பெல்ஜியம் 2018 இல் காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவுசெய்தது. அது சரியான முடிவு.

நிறைய விளையாடுவது மட்டும் நோயாகிவிடாது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேம், பாதிப்புத் தெரிந்தும் தொடர்வது. இவை வழமையாக 12 மாதம் நீடித்து, படிப்பையோ உறவையோ குலைத்திருக்க வேண்டும்.

முதலில் அடிபடுவது நித்திரை. பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் தேவை. இரவு 2 மணிக்குப் படுத்து, காலை 6 மணிக்கு டியூசனுக்கு எழும்புபவனுக்குக் கிடைப்பது நாலு. நித்திரை குறைந்தால் ஆசையை அடக்கும் முன்மூளை தளரும், அடுத்த இரவு நிறுத்துவது இன்னும் கடினமாகும்.

மெட்ச் நடுவில் வைஃபையைப் பிடுங்காதீர்கள். அணியில் மற்ற மூன்று பேரும் அவனை நம்பி நிற்பார்கள், கோபம் வெடிக்கும். "மனே, இது முடிய எத்தின நிமிசம்?" என்று கேட்டு, அந்த மெட்சோடு நிறுத்தச் சொல்லுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், அந்தக் கடவுச்சொல் பெற்றோரிடம் இருக்கட்டும். இரவில் போன் சார்ஜ் ஏறுவது அம்மாவின் அறையில். முதல் நாட்களில் எரிச்சலும் சண்டையும் வரும். அதைக் கண்டு போனைத் திருப்பிக் கொடுத்தால், கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும்.

சாப்பாடும் பள்ளிக்கூடமும் நின்றுவிட்டால் வீட்டு விதிகள் போதாது. போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள், அல்லது தேசிய உளநல உதவி இலக்கமான 1926 ஐ அழையுங்கள்.